பறைக்குப் பொட்டி போட்ட சாயங்காலம்

எனக்கு வாய் நீளம்னு ஊர்ல சொல்வாங்க. சொல்லட்டும். வாயில்லாதவ எவளாவது அந்த மலைமேல ஒரு வருஷம் குப்பை கொட்டியிருப்பாளா? நான் ஏழு வருஷம் கொட்டினேன்.

நம்ம ஆளுங்க கொடிமலைன்னு சொல்ற மலை அது. கீழே ஜார்ஜ் டவுன் வெயில்ல வெந்துக்கிட்டு இருக்கும். மேலே துரைமாருங்க கம்பளி போர்த்திக்கிட்டு டீ குடிப்பாங்க. மலைக்கு ரயில் வர்றதுக்கு முன்னால அவங்களை டோலியில வச்சு நம்ம ஆளுங்களும் சீனங்களும் தோள் தேயத் தூக்கிட்டுப் போவாங்களாம். நான் போனது ரயில் வந்த பிறகு. மேலே துரைமாருங்க தங்குற விடுதி ஒண்ணு இருந்துச்சு. அதுல துணிக்குப் பொட்டி போடுறது, அதான் இஸ்திரி போடுறது, என் வேலை.

வேலை கிடைச்சது அண்ணனால. நிபோங் திபால் தோட்டத்துல என் புருஷன் காய்ச்சல்ல போனப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. தோட்டத்துல ஆளுங்களை மேய்க்கிற மண்டோர் பதினஞ்சு நாள்ல வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டான். அண்ணன் மலை ரயில் பாதையில வேலை பார்த்தான். ரயிலை இழுக்குற இரும்புக் கயிறு ஓடுற உருளைக்கெல்லாம் கொழுப்பு தடவணும், அதான் வேலை. அவன் யார் யாரையோ பிடிச்சு என்னை விடுதியில சேர்த்துவிட்டான். பொட்டி போடுற கொட்டகையை ஒட்டி எனக்கு ஒரு அறை. ரெண்டு வேளை சோறு. அந்த வேலை போச்சுன்னா எனக்குப் படுக்க இடம் கிடையாது. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா எல்லாரும் என்னைத் திமிர் பிடிச்சவள்னு மட்டும்தான் சொல்றாங்க. திமிருக்கு என்ன விலைன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

மலைமேல துணி காயாது. காலையில கொடியில போட்டா சாயங்காலம் எடுக்கும்போது போட்டதைவிட ஈரமா இருக்கும். மூடுபனி அப்படி. அதனால எல்லாத் துணியும் பொட்டிச் சூட்டுலதான் காயணும். என்கிட்ட மூணு பொட்டி. கரி போடுற இரும்புப் பொட்டி, மூடியில சேவல் தலை வச்ச கொக்கி. பாக்காவ்னு சொல்ற கடலோர மரத்துக் கட்டைக் கரி ஒரு நாளைக்கு ஒரு கூடை. ஸ்டோர்க்காரன் அளந்துதான் கொடுப்பான். இன்னொரு கைப்பிடி கேட்டா அவன் அப்பன் வீட்டுக் கரி மாதிரி முறைப்பான்.

அந்த வருஷம் டவுன்ல இருக்கிற பெரிய மனுஷங்களுக்கு ஒரு ஆசை வந்துச்சு. எந்தெந்த நாட்டுலயோ மலை ஊர்ல சங்கீத விழா நடத்துறாங்களாம், வெளியூர்லருந்தெல்லாம் ஜனம் வருதாம். நம்ம ஊர்லயும் மலை இருக்கு, ரயில் இருக்கு, நாம ஏன் நடத்தக் கூடாதுன்னு ஒரு கமிட்டி போட்டாங்க. துரைமாருங்க பேண்டு, சீனங்க தந்தி வாத்தியம், மலாய்க்காரங்க கொம்பாங் மேளம், இந்தியாவுலருந்து வந்து டவுன்ல தங்கியிருந்த பாட்டு வித்வான் ஒருத்தர். எல்லாம் எங்க விடுதிப் புல்வெளியில, ஒரே சனிக்கிழமை மத்தியானத்துல. தமிழாளுங்களுக்குன்னு கமிட்டியில இருந்தவரு ஒரு கப்பல் கம்பெனியில பெரிய கிராணி, குமாஸ்தாங்களுக்கெல்லாம் தலை. வெள்ளை டிரில் கோட்டை கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டுத்தான் வெளியில வருவாரு. நம்ம ஆளுங்க எதிர்ல வந்தா கோட்டு அழுக்காயிடுமோன்னு ஒதுங்கி நடப்பாரு.

அண்ணனும் பாதையில வேலை பாக்குற இன்னும் மூணு பேரும் ஞாயித்துக்கிழமை அடிவார ஸ்டேஷனுக்குப் பின்னால பறை அடிப்பாங்க. மூணு பறை, ஒரு உறுமி. ரயில் இஞ்சினியர் துரை அதைக் கேட்டிருக்காரு. இவங்களையும் விழாவுல சேருங்கன்னு கமிட்டியில சொல்லிட்டாரு. துரை சொன்னதைக் கிராணியால தட்ட முடியல. ஆனா வயிறு எரிஞ்சிருக்கு. விழாவுக்கு முந்தின வாரம் மேலே வந்தவரு, அண்ணனை என் கொட்டகை வாசல்ல நிக்க வச்சுப் பேசினாரு.

"வெள்ளைக்காரன் முன்னால இதைக் கொண்டுவந்து அடிச்சா நம்ம இனத்துக்கே கேவலம். துரை ஆசைப்படுறாரு, என்ன செய்ய? விழா அன்னிக்கு நாலு மணிக்கு அடிக்கச் சொல்லிக் கேட்பேன். சத்தம் சரியா இருந்தா மேடை. சொத சொதன்னு இருந்தா அப்படியே இறங்கிடணும்."

"நல்லா இருக்கும் ஐயா. கொஞ்சம் தீ மூட்டித் தோலைக் காட்டிட்டா கணீர்னு வந்துடும்," அண்ணன் சொன்னான்.

"தீயா? விடுதி உத்தரவு தெரியாதா? வளாகத்துல திறந்த வெளியில எங்கயும் நெருப்பு மூட்டக் கூடாது. எங்க வித்வான் மிருதங்கத்துக்கு நெருப்பு கேட்டாரா? நெருப்பு இல்லாம பேசாதுன்னா அது என்னய்யா சங்கீதம்?"

எனக்குப் பொறுக்கல. துணியை மடிச்சுக்கிட்டே சொன்னேன். "ஐயா, இந்த மாசத்துல மூணரை மணிக்கெல்லாம் பனி இறங்கிடும். மூக்கு நுனி தெரியாது. எல்லாத் தோலும் நமத்துப் போகும். காலையில வச்சுக்கங்க விழாவை."

கிராணி சிரிச்சாரு. "பொட்டி போடுறவ கமிட்டிக்குப் புத்தி சொல்றா!" கூட வந்தவங்களும் சிரிச்சாங்க. அண்ணனும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு லேசா சிரிச்சான். அதுதான் எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு.

சனிக்கிழமை விடியறதுக்குள்ள எழுந்து மூணு பொட்டியையும் பத்த வச்சேன். துரைசாணிங்க கவுன், கை குட்டையான கவுன், கை நீளமான கவுன், பேண்டுக்காரன் சட்டை, மேசை விரிப்பு. மத்தியானத்துக்குள்ள கூடையில முக்கால்வாசிக் கரி போயிடுச்சு. ரயில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஜனத்தைக் கொட்டுது. அண்ணன் ஆளுங்க நாலு பேரும் நடந்து வந்தாங்க. ரயில்ல விருந்தாளிங்களுக்குத்தான் இடமாம். நித்தம் அந்தக் கயிறுக்குக் கொழுப்பு தடவுறவன், பறையைக் கம்பளியில சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டு செங்குத்துப் பாதையில மூணு மணி நேரம் ஏறி வர்றான்! நல்லா இருக்கு நியாயம்.

மூணு மணிக்குக் கிராணி கொட்டகைக்குள்ள நுழைஞ்சாரு. ரயில் நெரிசல்ல கோட்டு கசங்கி, போதாததுக்கு யாரோ டீயைச் சிந்தியிருந்தாங்க. கழட்டி என் மேசைமேல வீசினாரு. "கறையை அலசு. கஞ்சி போட்டு விறைப்பா இருக்கணும். நாலேகாலுக்கு நான் வரவேற்பு வாசிக்கணும். நாலு மணிக்கு வருவேன்."

அலசிக் கஞ்சியில நனைச்சுப் பிழிஞ்சு வச்சேன். ஈர டிரில் துணியைப் பொட்டியிலயே காய வச்சு விறைப்பாக்குறது சாமானியமான வேலை இல்ல, மூணு பொட்டிச் சூடும் வேணும். கூடையைப் பார்த்தேன். ஒரு தடவை மூணையும் ரொப்பலாம், அவ்வளவுதான் மிச்சம். ஸ்டோர்க்காரன் விழா பாக்கப் போயிட்டான், கதவுல பூட்டு.

அப்பதான் பனி வந்துச்சு. கடலுக்கு அந்தப் பக்கம் கெடா மலை மறைஞ்சுது, கடல் மறைஞ்சுது, புல்வெளியில போட்டிருந்த நாற்காலியும் மறைஞ்சுது. பேண்டுக்காரங்க எதையோ ஊதிக்கிட்டே இருந்தாங்க, ஆளைத்தான் காணோம். பின்வாசல் படியில உக்காந்து அண்ணன் கம்பளியைப் பிரிச்சு ஒரு தட்டுத் தட்டினான். நனைஞ்ச சாக்கைத் தட்டின மாதிரி இருந்துச்சு. அடுத்தவன் தட்டினான், அதுவும் அப்படித்தான். உறுமி முக்கக்கூட இல்ல.

"போயிடலாம் புள்ள," அண்ணன் சொன்னான். "அவரு வந்து கேட்டு, எல்லார் முன்னாலயும் இறங்குன்னு சொல்றதுக்கு முன்னால நாமளே போயிடலாம்."

பொய் சொல்லமாட்டேன், பயந்தேன். ஒரு பக்கம் அந்தக் கோட்டு, இன்னொரு பக்கம் இந்த நாலு தோலு, நடுவுல கூடை அடியில கிடக்குற கரி. கோட்டுக்குப் போட்டா என் அறை இருக்கும், சோறு இருக்கும். பறைக்குப் போட்டா நாளைக்கு எங்க படுக்கிறதுன்னு தெரியாது. ஆனா மூணு மணி நேரம் மலை ஏறி வந்தவன் அடிக்காமலே இறங்கிப் போறேன்னு சொல்றான், அதுவும் யாரும் விரட்டாமலே. அந்த ஆத்திரத்துல பயம் எங்க போச்சுன்னே தெரியல.

"உள்ள வா," அப்படின்னேன். "நாலு பேரும் உள்ள வாங்க. கதவைச் சாத்து."

மூணு பொட்டியிலயும் கரியை ரொப்பி, விசிறி விசிறிக் கனலாக்கினேன். மூடியைத் திறந்து மேசைமேல வரிசையா வச்சேன். "தீதானே மூட்டக் கூடாது? இது பொட்டி. பிடி பறையை."

அண்ணன் முழிச்சான். அப்புறம் புரிஞ்சுக்கிட்டுத் தோல் பக்கத்தைக் கனல் மேல ஒரு சாண் உயரத்துல பிடிச்சான். கிட்டப் போனா கருகிடும், எட்டப் போனா பிரயோசனமில்ல. நானும் ஒரு பறையை வாங்கி, ஒரு பொட்டியை மூடி அதோட அடியை விரல் கனத்துக்குத் தள்ளி ஓட்டினேன். கவுனுக்குப் போடுற மாதிரியே, ஓரத்துலருந்து நடுவுக்கு. மாட்டுத்தோலுல இருந்து ஆவி கிளம்புச்சு. ஏழு வருஷமா துரைசாணிங்க மடிப்புக்குச் செஞ்ச வேலையை எங்க அண்ணன் பறைக்குச் செஞ்சேன். அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுன்னு சொல்லவே முடியாது.

கொஞ்ச நேரத்துல கதவைத் தட்டினாங்க. செத்தோம்னு நினைச்சேன். பார்த்தா கொம்பாங்கோட ரெண்டு மலாய்க்காரங்க. கனல் வாசம் பிடிச்சு வந்திருக்காங்க. தோலை விரலால அழுத்திக் காட்டி உதட்டைப் பிதுக்கினாங்க. நமத்துப் போச்சு, அதைச் சொல்ல பாஷை எதுக்கு? உள்ள விட்டேன். அவங்க பின்னாலயே இன்னொருத்தர் வந்து நின்னாரு. நெத்தியில திருநீறு, கையில மிருதங்கம். பாட்டு வித்வானோட வந்தவரு. கல்லால தட்டித் தட்டிப் பார்த்திருக்காரு, மிருதங்கம் மசியல.

"அம்மா, கொஞ்சம் சூடு கிடைக்குமா?" ரொம்ப மெதுவாக் கேட்டாரு.

"கிடைக்கும் ஐயா. ஆனா இங்க வரிசை உண்டு. இவங்க முதல்ல வந்தாங்க, அப்புறம் அவங்க, அப்புறம்தான் நீங்க."

நான் அப்படிச் சொன்னதும் அண்ணன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. அந்த மனுஷரோ அழுக்குத் துணி மூட்டைமேல உக்காந்து, மிருதங்கத்தை மடியில வச்சுக்கிட்டு முறைக்காகக் காத்திருந்தாரு. பெரிய மனுஷன்னா அவரைத்தான் சொல்வேன்.

சரியா நாலு மணிக்குக் கிராணி வந்தாரு.

"கோட்டு எங்க?"

"கொடியில தொங்குது ஐயா."

"பொட்டி?"

"வேலையில இருக்கு."

மேசையைப் பார்த்தாரு. பறை, உறுமி, கொம்பாங், அதுக்கு நடுவுல மிருதங்கம். கனல் வெளிச்சத்துல அவரு முகம் போன போக்கைப் பார்க்கணுமே! கத்தினாரு. "யாருடைய கரி இது? யாரைக் கேட்டு எடுத்த? விடுதியை நடத்துற துரைசாணிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கு உனக்கு இங்க இடம் இல்ல, தெரியுமா?"

"தெரியும். சொல்லுங்க. நாலு மணிக்கு அடிக்கச் சொல்லிக் கேட்பேன்னீங்களே, அதையும் கேட்டுட்டுப் போய்ச் சொல்லுங்க."

அண்ணன் என்னையும் பார்த்தான், அவரையும் பார்த்தான். கைக்குச்சியை எடுத்து ஒரே ஒரு அடி. கொட்டகை ஓடு அதிர்ந்துச்சு. புல்வெளியில பேசிக்கிட்டு இருந்தவங்க பேச்சை நிறுத்தினது இங்க கேட்டுச்சு. இஞ்சினியர் துரை பனிக்குள்ளருந்து வந்து கதவுல தலையை நீட்டி, நம்ம ஆளுங்க தயாரான்னு கேட்டாரு. கிராணி ஈரக் கோட்டை கொடியிலருந்து உருவி மாட்டிக்கிட்டுப் போனாரு. வரவேற்பு வாசிச்சாரு. அந்தப் பனியில அவரு கோட்டு கசங்கியிருக்கா விறைப்பா இருக்கான்னு ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. அதுக்கா இந்தக் கூத்து!

அண்ணன் ஆளுங்க அடிச்சாங்க. பின்வரிசையில இருந்தவங்களுக்கு ஆள் தெரியல, சத்தம் மட்டும் வந்துச்சு. தெரியாததால ஒவ்வொருத்தரா நாற்காலியை விட்டு எழுந்து கிட்ட வந்தாங்க. துரைசாணிங்க வந்தாங்க, தவ்கேன்னு சொல்ற சீன முதலாளிங்க வந்தாங்க, மிருதங்கக்காரரு முன்னால நின்னு தொடையில தாளம் போட்டாரு. கால் மணி நேரம்னு எழுதியிருந்தது, நிறுத்தச் சொல்லி யாரும் வரல. நான் வெறும் சாம்பலா இருந்த பொட்டியைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நின்னு அழுதேன். ஏன் அழுதேன்னு கேட்டா, அண்ணன் அப்படி நிமிர்ந்து நின்னு நான் அதுக்கு முன்னால பார்த்ததே இல்ல.

திங்கக்கிழமை விடுதிப் பெரிய துரைசாணி கூப்பிட்டா. கிராணி கடுதாசி எழுதியிருக்காரு. கரியை வீணடிச்சேனாம், விருந்தாளியை அவமதிச்சேனாம். "அவர் மரியாதைப்பட்ட மனுஷர். அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேள். வெள்ளிக்கிழமைக்குள்ள கேட்டா வேலை இருக்கும்." கூட நின்ன சமையல்காரர் இதைத் தமிழ்ல சொன்னாரு. நான் போய் மூட்டையைக் கட்டி வச்சேன்.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. துரைசாணி சிரிச்ச முகமாக் கூப்பிட்டா. மன்னிப்பு கேட்டாச்சுன்னு கிராணி எழுதிட்டாராம், நீ வேலையைப் பார்க்கலாம்னா.

கேட்டாச்சா? யார் கேட்டது?

வேற யாரு. அண்ணன்தான்னு சமையல்காரர் காதோட காதா சொன்னாரு. என் பேரைச் சொல்லி, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, புதன்கிழமையே கிராணி வீட்டுக்குப் போய்க் கால்ல விழுந்திருக்கான்.

அடுத்த ரயில்லயே இறங்கினேன். டவுன்ல கப்பித்தான் பள்ளிவாசலைத் தாண்டி ஒரு சந்துல கிராணி வீடு. வாசல் வராந்தாவுல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. எதிர்வீட்டுத் துணிக்கடை முதலாளியும் உக்காந்திருந்தாரு. நான் செருப்பில்லாத காலோட படியேறி நேரா எதிர்ல நின்னேன்.

"ஐயா, நான் மன்னிப்பு கேட்டேன்னு எழுதியிருக்கீங்க. நான் கேக்கல."

"உன் அண்ணன் கேட்டான். கால்ல விழுந்தான். உனக்காகத்தான்."

"அவன் முட்டி, அவன் மடக்கினான். என் முட்டி மடங்கல. நான் கேக்கலன்னு துரைசாணிக்கு எழுதிடுங்க."

"உனக்குப் பைத்தியமா? வேலை போயிடும்."

"வேலைதானே, போகட்டும். நான் கேக்காத ஒண்ணைக் கேட்டேன்னு சொல்லிக்கிட்டு அந்தச் சோத்தை என்னால முழுங்க முடியாது."

துணிக்கடைக்காரர் இருமினாரு. கிராணி பேப்பரை மடிச்சாரு. நான் வந்த வழியே இறங்கிட்டேன். தெருவுல அப்படி ஒரு வீராப்பு எனக்கு! தரையில கால் படல.

மலையில இருந்து சாமானை எடுத்துக்கிட்டு அடிவாரத்துல அண்ணன் இருந்த லயன் வீட்டுக்கு வந்தப்பதான் அந்த வீராப்பு இறங்குச்சு. நடந்ததைச் சொன்னேன். அவன் கத்துவான்னு நினைச்சேன், கத்தல. கால்வாய் ஓரத்துல உக்காந்துக்கிட்டான். "உனக்காக மட்டும் நான் போகல புள்ள. என் பேர்லயும் ரயில்வேக்குப் புகார் எழுதுறேன்னு கிராணி சொல்லியிருந்தாரு" அப்படின்னான்.

அதை நான் யோசிக்கவே இல்ல. என் வேலை, என் முட்டி, என் வாய்னு நின்னேனே தவிர, அவனுக்கும் ஒரு வேலை இருக்கு, பொண்டாட்டி இருக்கா, கைக்குழந்தை இருக்குன்னு ஒரு நிமிஷம் நினைக்கல.

மாசம் முடியறதுக்குள்ள அண்ணனுக்கும் சீட்டுக் கிழிஞ்சுது. அக்கரையில ஜுரு பக்கம் ஒரு தோட்டத்துல ஆள் எடுக்குறாங்கன்னு குடும்பத்தோட கிளம்பினான். நான் டவுன்ல ஒரு கடை வராந்தாவுல மேசை போட்டு, சொந்தமா ஒரு பொட்டி வாங்கித் துணி தேய்க்க ஆரம்பிச்சிருந்தேன். படகுத்துறைக்குப் போனேன். அண்ணி குழந்தையோட முன்னால ஏறிட்டா. என்கிட்ட அவ பேசல, அவளைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்ல. அண்ணன் மூட்டையை இறக்கி வச்சுட்டு நின்னான்.

நான் அவன் கையைப் பிடிச்சேன். "மன்னிச்சிரு அண்ணே" அப்படின்னேன். என் ஆயுசுல நான் அந்த வார்த்தையைச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அவன் என்னையே பார்த்தான். அப்புறம் சிரிச்சான். "இதைக் கிராணிகிட்ட சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் வேலை இருந்திருக்கும்லா."

"அவர்கிட்ட கேக்குற அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன், அண்ணே?"

படகுக்காரன் கத்தினான். அண்ணன் மூட்டையைத் தோள்ல ஏத்திக்கிட்டான். பலகையில கால் வச்சுட்டுத் திரும்பி, படகுல இருந்த அத்தனை பேருக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொன்னான்.

"நீ தப்பா ஒண்ணும் பண்ணல."